மனஸ்தாபம் என்ற பழைய சொல்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு நன்றித் திருப்பலியின் பின்னர் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எழுபதுகளில் இங்கே படித்த எங்களிடம் செயற்குழு இந்த உரையை ஒப்படைத்தபோது தலைப்பையும் சேர்த்தே தந்துவிட்டது. இறையருளும் உள்ளம் வருந்தித் திரும்புதலும். நெற்போல் போட்டியைப் பற்றியும், கன்ரீனில் விற்ற பட்டிஸ் பற்றியும் பேசச் சொல்லியிருந்தால் இரண்டு மணித்தியாலம் பேசியிருப்போம். இதற்கு ஏழு பேர் கூட வேண்டியிருந்தது. அந்த எழுவரில் நால்வர் கத்தோலிக்கர், ஒருவர் அங்கிலிக்கன் சபை, ஒருவர் சைவம், ஒருவர் இஸ்லாம். இன்று ஒருவர் குரலில் கேட்டாலும் இதில் வரும் ‘நாங்கள்’ அந்த ஏழு பேர்தான். பாதி வாட்ஸ்அப்பில் எழுதப்பட்டது. மீதி வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மேசையில், தேநீரோடும் வாக்குவாதத்தோடும்.

முதலில் சொற்களில் தொடங்குகிறோம். சிறுவயதில் நாங்கள் மனப்பாடம் செய்த பழைய செபங்களில் அருளுக்குப் ‘பிரியதத்தம்’ என்று ஒரு சொல் இருந்தது. மங்கள வார்த்தைச் செபத்தை அம்மம்மாமார் அந்தச் சொல்லோடுதான் சொன்னார்கள். ஞானோபதேச வகுப்பில் அது ‘இஷ்டப்பிரசாதம்’ ஆயிற்று. இரண்டாவது வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வந்த புதிய செபங்களில் ‘அருள்’ என்று நின்றது. எங்கள் அங்கிலிக்கன் தோழி வீட்டில் எப்போதும் ‘கிருபை’தான். நான்கும் ஒன்றையே குறிக்கின்றன. எங்களுக்குப் பிடித்தது இஷ்டப்பிரசாதம். பிரசாதம் என்றால் என்ன என்று வெள்ளவத்தைப் பிள்ளைக்கோ கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கோ விளக்கத் தேவையில்லை. பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலிலும் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலிலும் கை நீட்டியவருக்கெல்லாம் கிடைப்பது அது. நீ யார் வீட்டுப் பிள்ளை, நேற்று என்ன செய்தாய் என்று கேட்டுவிட்டு யாரும் சர்க்கரைப் பொங்கல் கொடுப்பதில்லை. ‘இஷ்டம்’ என்பதும் கொடுப்பவருடைய இஷ்டம். இறையியல் நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அந்தப் பழைய மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லில் கட்டிவைத்துவிட்டார். அதை ஏன் கைவிட்டோம் என்பது எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை.

அடுத்த சொல் மனஸ்தாபம். அன்றாடப் பேச்சில் அண்ணன் தம்பிக்கிடையே, மாமிக்கும் மருமகளுக்கும் இடையே வருவது. காணிப் பிரச்சினையிலும் கல்யாண அழைப்பிலும் பிறப்பது. ஆனால் ஞானோபதேசத்தில் பாவத்துக்காக உள்ளம் வருந்துவதற்கும் இதுதான் பெயர். படுக்கைக்குப் போகுமுன் சொல்லும் செபத்துக்கே உத்தம மனஸ்தாப மந்திரம் என்று பெயர். மனம், தாபம், உள்ளே எரிவது. தண்டனைக்குப் பயந்து வருகிற மனஸ்தாபம் ஒன்று, அன்பு செய்த ஒருவரை நோகச் செய்துவிட்டோமே என்று வருகிறது இன்னொன்று என்று பிரித்துப் படிப்பித்தார்கள். உத்தமம் என்பது இரண்டாவதற்கு. பிறர்மீது எரிவதற்கும் தன்னை நினைத்து எரிவதற்கும் தமிழ்க் கத்தோலிக்கர் ஒரே சொல்லை வைத்திருந்தார்கள் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் எரிகிற திசை மாறும்போதுதான் திரும்புதல் தொடங்குகிறது என்று எங்கள் சைவத் தோழி சொன்னபோது, மற்ற ஆறு பேரும் பேனையை எடுத்து எழுதிக்கொண்டோம்.

அவரே இன்னொன்றையும் நினைவூட்டினார். பாவசங்கீர்த்தனம் என்ற சொல்லை முதன்முதலில் கேட்டபோது, வியாழக்கிழமைகளில் கத்தோலிக்கப் பிள்ளைகள் சிற்றாலயத்துக்குப் போய்ப் பாவங்களைப் பற்றிப் பஜனை பாடுகிறார்கள் என்றே அவர் ஐந்தாம் வகுப்பு வரை நம்பியிருந்தாராம். முதல் வெள்ளிக்கு முந்திய நாள் அந்த நீண்ட வரிசை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வரிசையில் நின்றபடியே ஒருவருக்கொருவர் பாவங்களை இரவல் கொடுத்த கதை எல்லா பட்சிலும் உண்டு.

நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்று விரல்விட்டு எண்ணப் பழக்கினார்கள்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் சொல்லுதல், அபராதம் தீர்த்தல். இந்த ஐந்தையும் படித்த அன்று எங்கள் வகுப்பில் எழுந்த ஒரு கேள்வியைப் பற்றி ஐம்பது வருடங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அப்படியானால் யூதாஸ் ஏன் தப்பவில்லை, சிஸ்டர்?

கேள்வி குறும்பாகக் கேட்கப்பட்டதல்ல. மத்தேயு நற்செய்தியை எடுத்துப் பாருங்கள். இயேசுவுக்குத் தீர்ப்பு விழுந்ததும் யூதாஸ் வருந்துகிறான். குருக்களிடம் போய், குற்றமற்ற இரத்தத்தைக் காட்டிக்கொடுத்துப் பாவம் செய்தேன் என்று வாயால் சொல்கிறான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோய் ஆலயத்தில் எறிகிறான். வருத்தம், அறிக்கை, நட்டஈடு எல்லாம் இருக்கின்றன. பேதுருவோ மூன்று முறை மறுதலித்தான். வெளியே போய் மனங்கசந்து அழுதான். அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை, எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஐந்து விரலில் எண்ணினால் யூதாஸுக்குத்தான் கூடுதல் புள்ளி.

அன்று சிஸ்டர் உடனே பதில் சொல்லவில்லை. அடுத்த கிழமை யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். திபேரியாக் கடலோரம். இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் படாத மீனவர்கள். கரையில் கரி நெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். இயேசு காலைச் சாப்பாடு ஆயத்தம் செய்து வைத்திருக்கிறார். சாப்பிட்டு முடிந்த பிறகே, என்னை நேசிக்கிறாயா என்று பேதுருவிடம் மூன்று முறை கேட்கிறார். கரி நெருப்பு என்று மூலத்தில் வரும் கிரேக்கச் சொல் அந்த நற்செய்தியில் இரண்டு இடங்களில் மாத்திரமே வருகிறது என்பதை நாங்கள் வளர்ந்த பிறகுதான் அறிந்தோம். ஒன்று இந்தக் கடலோரம். மற்றது தலைமைக் குருவின் முற்றம். பேதுரு குளிர்காய்ந்துகொண்டே, அந்த மனிதரைத் தெரியாது என்று சொன்ன இடம். விழுந்த இடத்தைப் போன்ற இடத்திலேயே அவனுக்குச் சாப்பாடு கொடுக்கப்பட்டது.

யூதாஸ் போன இடம் வேறு. தன் குற்றத்தை அவன் உடந்தையாக இருந்தவர்களிடமே கொண்டுபோனான். அது உன் பாடு என்று அவர்கள் கைவிரித்தார்கள். தான் நோகச் செய்தவரிடம் அவன் திரும்பவே இல்லை. அவர் கதவைத் திறக்கமாட்டார் என்று தானே தீர்ப்பெழுதிவிட்டான். சிஸ்டர் சொன்னது இதுதான், கிட்டத்தட்ட இதே சொற்களில். யூதாஸின் ஆத்துமா எங்கே போயிற்று என்று தீர்ப்புச் சொல்லத் திருச்சபைக்கும் உரிமை இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார். அந்த இரண்டாவது வசனத்துக்காக அவரை நாங்கள் இன்றும் நன்றியோடு நினைக்கிறோம்.

ஆகவே அருள் முந்தியது. ஊதாரி மைந்தன் வழிநெடுக ஒரு பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டு வருகிறான். கூலியாளாக வைத்துக்கொள்ளும் என்ற கடைசிப் பகுதியைச் சொல்ல விடாமலே தகப்பன் ஆட்களைக் கூப்பிட்டுச் சட்டையும் மோதிரமும் கேட்கிறார். சக்கேயு மரத்தில் இருக்கும்போதே, உன் வீட்டில் தங்க வருகிறேன் என்ற அழைப்பு வந்துவிடுகிறது. ஆனால் சக்கேயுவின் கதை அங்கே முடியவில்லை. ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பேன் என்று எல்லார் முன்னிலையிலும் எழுந்து நிற்கிறான். அருள் இலவசம்தான், வாங்கியவன் வீட்டுக் கணக்குப் புத்தகம் அதற்குப் பிறகு திறந்தே ஆகவேண்டும்.

நூறு வருடம் என்றால் பைபிள் கணக்கில் இரண்டு யூபிலி. லேவியர் ஆகமத்தின் 25ஆம் அதிகாரத்தில் யூபிலி என்பது கேக் வெட்டும் நாள் அல்ல. விற்ற காணி பழைய குடும்பத்துக்குத் திரும்புகிற ஆண்டு, அடிமைப்பட்டவன் வீடு திரும்புகிற ஆண்டு. அது தொடங்குவதும் பாவப் பரிகார நாளில். கேக்கை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்னால் மேசையில் இருக்கிறது, பார்த்தோம். ஆனால் நாங்கள் வளர்ந்த இந்த இரண்டு ஊர்களில் இந்தச் சொற்கள் என்ன பாடு பட்டன என்று சொல்லாமல் இந்த உரையை முடிக்க எங்களால் இயலவில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து தொடங்குவோம். 1883ஆம் ஆண்டு மார்ச் 25, உயிர்ப்பு ஞாயிறு. மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் தீபதுத்தாராம விகாரையில் விழா நடந்துகொண்டிருந்தது. பாணந்துறை விவாதத்தில் பேசிய அதே தேரர். பொரளைப் பக்கமிருந்து காணிக்கைகளோடு விகாரைக்கு வந்த பௌத்த ஊர்வலம் புனித லூசியாள் பேராலயத்துக்கு அருகே தாக்கப்பட்டது. கத்தோலிக்கர் புனிதமென்று வணங்குவதை இழிவுபடுத்தும் உருவங்களை ஊர்வலத்தார் சுமந்து வருகிறார்கள் என்ற வதந்தி முன்பே பரவியிருந்தது. ஆலய மணி அடித்தது, கூட்டம் திரண்டது. ஒரு பௌத்தர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். விசாரணைக் குழு அமைந்தது. சாட்சியம் போதாதென்று யாரும் தண்டிக்கப்படவில்லை. நீதி கிடைக்காத பௌத்தர்களுக்காகக் கேணல் ஒல்கொட் 1884இல் லண்டன் போய் முறையிட்டார். 1885 முதல் வெசாக் பொது விடுமுறை நாளானது. இன்று நம் பிள்ளைகள் வெசாக் கூடு பார்க்கப் போகும் அந்த விடுமுறைக்குப் பின்னால் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் எறிந்த கற்களும் இருக்கின்றன. உயிர்ப்பு ஞாயிறன்று, பூசை கண்டு வந்த கைகள் எறிந்த கற்கள்.

இதைக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு யாரும் விரிவாகச் சொல்வதில்லை. 2000ஆம் ஆண்டு மார்ச் 12, தவக்காலத்தின் முதல் ஞாயிறு, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ரோமாபுரியில் திருச்சபைப் பிள்ளைகளின் பாவங்களுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பிற மக்களின் பண்பாட்டையும் சமயத்தையும் மதியாமல் நடந்ததும் அந்தப் பட்டியலில் இருந்தது. அவர் உலகத்துக்காகப் பொதுவில் கேட்டார். எந்தத் தெரு, எந்த நாள் என்று சொல்லிக் கேட்க வேண்டியது அந்தந்த ஊர்க்காரர்.

அதே கொட்டாஞ்சேனை, 136 வருடம் கழித்து இன்னோர் உயிர்ப்பு ஞாயிறு. 2019 ஏப்ரல் 21. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்தில் காலை 8.45. அந்தோனியாரிடம் செவ்வாய்க்கிழமைகளில் போகாத கொழும்பு வீடு எது? சைவர்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் மெழுகுதிரி கொளுத்திய இடம். கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு ஹொட்டேல்களிலுமாக அன்று 260க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் காலை எங்கே இருந்தோம், யார் யாருக்கு அழைப்பு எடுத்தோம் என்று இங்கிருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கிறது. அதை நாங்கள் சொல்லத் தேவையில்லை. திருத்தலம் ஜூன் 12இல் மறுபடி திறந்தது.

அடுத்த வருட உயிர்ப்பு ஞாயிறு, கொரோனாவால் ஆலயங்கள் பூட்டிக் கிடந்தன. தொலைக்காட்சித் திருப்பலியில் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று சொன்னார். அதே ஆண்டகை அதற்குப் பின்னும் இந்த வருடங்களிலெல்லாம் உண்மை வெளிவர வேண்டும், பொறுப்பானவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். மன்னித்தபின் ஏன் நீதி கேட்கிறீர்கள் என்று சிலர் மடக்கினார்கள். எங்களுக்கு அதில் முரண் தெரியவில்லை. மன்னிப்பு காயப்பட்டவர் கையில் உள்ளது. மற்றவர் மனம் மாறினாலும் மாறாவிட்டாலும் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். மனஸ்தாபமோ செய்தவர் கையில் உள்ளது. அதை அவருக்காக வேறு யாரும் படமுடியாது.

2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம், முன்னறிவித்தல் கிடைத்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த மாத முடிவில் அவர் கத்தோலிக்க மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். பிறர் செய்த தவறுக்காகக் கேட்பதாகச் சொன்னார். எங்கள் ஞானோபதேச வகுப்பில் யாராவது பாவசங்கீர்த்தனக் கூட்டில் முழந்தாளிட்டு, சுவாமி, பக்கத்து வாங்குப் பிள்ளை பொய் சொன்னாள் என்றால் என்ன நடந்திருக்கும்? ஒருவரை இழிவுபடுத்த இதைச் சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததையே பெரிதாக எண்ணியவர்களும் எங்களுக்குள் உண்டு. ஆனால் ‘நான்’ என்று தொடங்காத மனஸ்தாப மந்திரம் கிடையாது.

வெள்ளவத்தைக்கு வருகிறோம். 1983 ஜூலை. காலி வீதியில் கடைகள் எரிந்ததையும், பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமான நிலையக் கொட்டகையிலும் நம் ஆட்கள் நிலத்தில் படுத்ததையும், பிறகு லங்கா கல்யாணிக் கப்பலில் வடக்கே போனதையும் இங்கே பலர் கண்ணால் கண்டிருக்கிறீர்கள். இந்தச் சங்கத்துக்கு லண்டன் கிளையும் ரொறன்ரோ கிளையும் முளைத்ததற்கு அந்த ஒரு கிழமை முக்கிய காரணம். ஒளித்துவைத்துக் காப்பாற்றிய சிங்கள அயலவர்களைப் பற்றியும் ஒவ்வொரு லேனிலும் கதை உண்டு. தங்கள் வீட்டுக்கும் நெருப்பு வரலாம் என்று தெரிந்தே கதவைத் திறந்தவர்கள். அருள் என்றால் என்ன என்று கேட்டால், கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்த பிள்ளைக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்த அந்தப் பக்கத்து வீட்டு நோனாவைத்தான் எங்களில் ஒருவர் காட்டுவார்.

21 வருடம் கழித்து, 2004 ஜூலையில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க அரசின் பெயரால் தமிழ் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். 83இல் ஆட்சியில் இருந்தது அவருடைய கட்சி அல்ல. அப்படியிருந்தும் அரசு என்ற ஆசனத்தில் இருந்தபடி கேட்டார். இது மேலே சொன்னதற்கு எதிர்ப்பக்கம். பிறர் செய்ததற்கு, ஆனால் தன் பொறுப்பு என்று ஏற்றுக் கேட்டது. எங்கள் எழுவரில் இருவர் அன்று அழுதோம். ஒருவர், வீட்டுக்குப் பதில் ஒரு வசனமா என்றார். எல்லோருக்கும் நியாயம் இருந்தது.

இனி ஒரு தையல் மெஷின். எங்கள் பட்சிலேயே ஒருவர் வீட்டில் நடந்தது. பெயரும் லேனும் வேண்டாம் என்று அவர் கேட்டிருக்கிறார். 83இல் அவர்கள் முகாமில் இருந்தபோது வீடு சூறையாடப்பட்டது. எரிக்கப்படவில்லை, சாமான்கள் போயின. அம்மாவின் சிங்கர் தையல் மெஷினும் போயிற்று. தகப்பன் இறந்தபின் மூன்று பெண்பிள்ளைகளைப் படிப்பித்த மெஷின். பல வருடம் கழித்து, அம்மாவும் காலமான பின், அந்த வீட்டுக் கதவை ஒரு சிங்களப் பெண் தட்டினார். கையில் சாக்கில் சுற்றிய மெஷின் தலை. தன் தாய் சாகும் தறுவாயில் சொன்னாராம்: இது நம்முடையது அல்ல, கொண்டுபோய்க் கொடு, அந்த வீட்டு அம்மா இல்லாவிட்டால் பிள்ளைகளிடம் கொடு. இத்தனை வருடம் அதில் தைத்துத்தான் தாங்களும் படித்தோம் என்றும் அந்தப் பெண் சொன்னார்.

எங்கள் தோழிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மன்னித்தேன் என்ற சொல் வாயில் வரவில்லை. அது தன் அம்மா சொல்ல வேண்டிய சொல், தான் சொன்னால் திருட்டாகிவிடும் என்று தோன்றியதாம். உள்ளே வாருங்கள் என்றார். தேநீர் போட்டார். இரண்டு பேரும் இரண்டு அம்மாக்களைப் பற்றிப் பேசினார்கள். போகும்போது அந்தப் பெண், ‘இது பொபினோடு இருக்கிறது, எண்ணெய் போட்டுத்தான் கொண்டுவந்தேன்’ என்றார்.

ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, சொல்லுதல், அபராதம் தீர்த்தல். ஐந்தையும் அந்தத் தாய் ஒரு சாக்கில் சுற்றி அனுப்பிவிட்டார். அவர் என்ன சமயம் என்று எங்கள் தோழி கேட்கவில்லை.

இனி வரும் பகுதியை வைப்பதா விடுவதா என்று எங்களுக்குள் மூன்று கிழமை இழுபறி. கொண்டாட்ட மலரில் இது எதற்கு என்று இருவர் கேட்டார்கள். எங்கள் முஸ்லிம் தோழி அதிகம் பேசவில்லை. 83 இருக்குமானால் 90உம் இருக்கட்டும், இல்லாவிட்டால் இரண்டையும் எடுங்கள் என்றார். இரண்டையும் வைத்தோம்.

1990 ஒக்ரோபர் முடிவில் வடமாகாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். 70,000க்கும் மேற்பட்ட மக்கள். யாழ்ப்பாணத்தில் அது ஒக்ரோபர் 30. இரண்டு மணித்தியால அவகாசம். நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு, கையில் சில நூறு ரூபாவோடு வெளியேறினார்கள். எங்கள் தோழியின் உம்மாவின் குடும்பம் அப்படித்தான் புத்தளம் வந்து சேர்ந்தது. 83இல் இரத்மலானைக் கொட்டகைக்கு அவள் நமக்குச் சாப்பாட்டுப் பார்சல் கட்டி அனுப்பியவள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சிச் செய்தியாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றத்தை ஓர் அரசியல் தவறு என்று சொன்னார். சொன்னதே பெரிது என்றவர்களும் இருந்தார்கள். அரசியல் தவறு என்பது காய் நகர்த்தியவன் சொல். நகர்த்தப்பட்ட காய்க்கு அது பதிலாகாது என்பது எங்கள் ஏழு பேரின் ஒருமித்த கருத்து. இந்த வசனத்தில்தான் நாங்கள் ஒருமித்தோம், அதையும் சொல்லிவிடுகிறோம். தமிழர் என்ற பெயரில் நடந்ததற்குத் தமிழர் யார் யார் எப்படி மனஸ்தாபப்படுவது, கட்டளையிட்டவர்கள் பலரும் உயிரோடு இல்லாத இந்நாளில் அந்த மெஷினை யார் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதில் நாங்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை. அங்கிலிக்கன் தோழி, சந்திரிகா அம்மையார் செய்ததைப்போல ஆசனத்தில் இருப்பவர் கேட்கலாம் என்றார். ஆசனமே இல்லாத மக்களுக்கு யார் கேட்பது என்றார் இன்னொருவர். பள்ளிக்கூட மேடையில் கேட்கலாம் என்று யாரோ சொன்னபோது மேசை அமைதியாயிற்று.

அப்போது முஸ்லிம் தோழி சொன்னதை அவருடைய அனுமதியோடு இங்கே பதிகிறோம். இஸ்லாத்தில் தௌபா என்று சொல்வார்கள், அதற்கும் திரும்புதல் என்றுதான் பொருள். ஆனால் மனிதருக்குச் செய்த அநியாயத்துக்கு இறைவனிடம் மட்டும் தௌபா கேட்டால் போதாது, அந்த மனிதரிடமும் போகவேண்டும் என்று அவர் வாப்பா படிப்பித்தாராம். சொல்லிவிட்டு, ‘நீங்கள் ஒருத்தரும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை, தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ’ என்றார்.

செயற்குழு ஒரு வேண்டுகோள் விடுத்திருக்கிறது, அதையும் அறிவித்துவிடுகிறோம். நாளை செவ்வாய்க்கிழமை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் கொச்சிக்கடைக்குப் போக விரும்புகிறவர்களுக்காகக் காலை ஏழு மணிக்கு வாசலில் வான் நிற்கும். அங்கிருந்து நடை தூரத்தில் லூசியாள் பேராலயம். அதற்கப்பால் தீபதுத்தாராம விகாரை. எங்கள் ஏழு பேரில் ஆறு பேர் மூன்று இடத்துக்கும் போகிறோம். விகாரைக்குப் பூத்தட்டு வாங்க வேண்டும், ஆகவே வருகிறவர்கள் இன்றே பெயரைக் கொடுத்தால் நல்லது. ஏழாமவருக்கு முழங்கால் சரியில்லை. அவர் வானில் இருந்து எங்கள் செருப்புகளைப் பார்த்துக்கொள்வார்.